ஆட்டிசம் இருப்பதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

பத்தாவது முடியட்டும், கொஞ்சம் விவரம் வரட்டும் என்று பல பெற்றோர் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். அதற்குள் பிள்ளைக்கு அரசல் புரசலாகப் பாதி தெரிந்திருக்கும். மூன்று வயதிலிருந்து ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) என்று போய்வருகிற குழந்தைக்கு, தங்கச்சி மட்டும் ஏன் அங்கே வருவதில்லை என்ற கேள்வி வராமலா இருக்கும்? நாம் பதில் சொல்லாவிட்டால் வகுப்பில் யாராவது சொல்வார்கள், ‘லூசு’ என்றோ ‘மென்டல்’ என்றோ.

நான் பெற்றோருக்குச் சொல்லித்தரும் முறை எளிமையானது. குழந்தை தன்னைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருப்பதிலிருந்து தொடங்குங்கள், ஆட்டிசம் என்ற பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

1. அந்தச் சொல் வீட்டில் புழங்கட்டும்

கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவதெல்லாம் கெட்ட விஷயம் என்று குழந்தைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். தெரபிஸ்டிடம் போனில் பேசும்போது ‘ஆட்டிசம்’ என்பதைச் சாதாரணக் குரலிலேயே சொல்லிப் பழகுங்கள். அம்மா ஒன்று, அப்பா ஒன்று சொல்லாமல் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ‘அவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான், எல்லாம் சரியாயிடும்’ என்கிற பாட்டியின் நம்பிக்கையை மாற்ற முடியாவிட்டால் போகட்டும். பிள்ளை எதிரில் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குப் பெரும்பாலான பாட்டிகள் இறங்கி வருவார்கள்.

2. நேரம் பாருங்கள்

இத்தனை வயது என்று கணக்கில்லை. ‘நான் மட்டும் ஏன் இப்படி?’ என்று கேட்க ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. வாசிக்கத் தெரிந்துவிட்டாலும் அப்படித்தான். பீரோவில் இருக்கும் யுடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஒருநாள் எடுத்துப் படித்துவிடுவார்கள். அழுது ஓய்ந்த நாள், பரீட்சைக்கு முந்தைய நாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும் நாள், இவை வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டோ, நடந்துகொண்டோ பேசினால் பல குழந்தைகளுக்குச் சுலபமாக இருக்கும்.

3. ஒரு நோட்டு போடுங்கள்

இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ‘எனக்கு நன்றாக வருவது’, ‘எனக்குக் கஷ்டமானது’ என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். பெரியவர்கள் முதலில் எழுதட்டும், அதுவும் உண்மையாக. ஒரு வீட்டில் அப்பா, ‘மேடையில் பேசச் சொன்னால் கை நடுங்கும்’ என்று எழுதினார். மகளுக்கு அது பெரிய செய்தி.

அவளுடைய பக்கத்தில் ஒரு புறம் பஸ் நம்பர்கள்: 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் என்பதில் தொடங்கி, நிறுத்தங்கள் வரிசை மாறாமல். இன்னொரு புறம் மிக்ஸி சத்தம், யூனிஃபார்ம் காலரில் உறுத்தும் லேபிள், கல்யாண வீட்டு மேளம், சோற்றில் குழம்பு பட்டுவிடுவது. இப்படி நுணுக்கமாக இருந்தால்தான் பயன். ‘நீ ரொம்பப் புத்திசாலி’ என்பதை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்?

கஷ்டமானதை உங்கள் புகாராக எழுதிவிடாதீர்கள். ‘அடம் பிடிப்பாள்’ என்பது உங்கள் கஷ்டம். ‘சொன்ன திட்டம் திடீர்னு மாறினா பயமா இருக்கும்’ என்பதுதான் அவளுடையது.

4. பெயரைச் சொல்லுங்கள்

நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கைந்து வாக்கியத்தில்:

‘மிக்ஸி சத்தம் உனக்குக் காது வலிக்கிற மாதிரி இருக்குல்ல? பஸ் நம்பர் ஒரு தடவை பாத்தா மறக்கறதே இல்ல. உன் மூளை வேலை செய்யற விதம் அப்படி. அதுக்கு ஆட்டிசம்னு பேரு. கஷ்டமா இருக்கறதைக் கொஞ்சம் சுலபமாக்கத்தான் ஓ.டி. கிளாஸுக்குப் போறோம்.’

அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். ‘மூளைல ஒயர் மாறிப்போச்சு’ போன்ற உவமை வேண்டாம். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற குழந்தை ஸ்க்ரூடிரைவரைத் தேடும். ‘நீ கடவுளின் குழந்தை’, ‘உனக்கு அபூர்வ சக்தி’ என்பதும் வேண்டாம், நாளைக்கே கணக்கு வராதபோது அது பொய்யாகிவிடும். ஐன்ஸ்டைனையும் விட்டுவிடுங்கள், அவருக்கு யாரும் பரிசோதித்து ஆட்டிசம் என்று சொல்லவில்லை. தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதைத் தாங்களே வெளிப்படையாகப் பேசுகிற விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், பருவநிலைப் போராளி கிரெட்டா துன்பெர்க் போன்றவர்களைக் காட்டலாம்.

‘சரி, டிவி போடவா?’ என்று பதில் வந்தால் ஏமாற வேண்டாம். உள்ளே போயிருக்கும். அடுத்த கேள்வி சில வாரம் கழித்து, நீங்கள் தோசை திருப்பிக்கொண்டிருக்கும்போது வரலாம்.

5. கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்

‘எப்ப சரியாகும்?’ போகாது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், கூடவே மாறியதையும் காட்டுங்கள்: ‘போன வருஷம் கூட்டமான பஸ்ல ஏறவே மாட்ட. இப்ப ஹெட்போன் போட்டுட்டு வர்றல்ல?’

‘நான் போன் பாத்ததாலயா?’ உறவினர் வாயிலிருந்து இதைக் கேட்டிருப்பார்கள். இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். பிறப்பதற்கு முன்பே தொடங்கும் மூளை வளர்ச்சி சார்ந்தது இது. மரபணுக்களுக்குப் பெரிய பங்குண்டு. தடுப்பூசியால் வந்ததா என்று பெரிய பிள்ளைகள் கேட்டால், அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது என்பதைச் சொல்லலாம்.

‘எனக்கு மட்டும்தானா?’ ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்த கணக்கு. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் சுமார் பத்துப் பேர்.

6. பேசாத குழந்தையிடம்

பேசவில்லை என்பதால் புரியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அவர்களுடைய போட்டோக்களை ஒட்டி, பக்கத்துக்கு ஒரு வரி எழுதி, சின்னப் புத்தகமாகச் செய்து திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். பட அட்டையோ டேப்லட்டோ பயன்படுத்துகிற குழந்தை என்றால் அதில் ‘ஆட்டிசம்’, ‘சத்தம் வேண்டாம்’ இரண்டையும் சேருங்கள்.

7. வெளியே யாருக்குச் சொல்வது

இது ரகசியம் அல்ல, ஆனால் குழந்தைக்குச் சொந்தமான விஷயம். வகுப்பு ஆசிரியருக்குத் தெரியவேண்டியது அவசியம். அதைக் குழந்தைக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்லுங்கள். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீடு என்றால் குழந்தையைக் கேட்டுவிட்டு. குடும்ப வாட்ஸ்அப் குழு கூடவே கூடாது.

வளர வளர ஆட்டிசம் என்ற அந்தப் பெயர் நடைமுறையிலும் உதவும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், எழுதித் தர ஆளும் கேட்க முடியும். அது எதற்காக என்பது தேர்வு அறையில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது என்றாகிவிடக் கூடாது. அதற்கு முன்பே ஒரு வாக்கியத்தை வீட்டில் சொல்லிப் பழக்குங்கள்: ‘எனக்கு ஆட்டிசம் இருக்கு. இங்க சத்தம் அதிகமா இருக்கு, கொஞ்ச நேரம் வெளியே நிக்கலாமா?’ முதலில் உங்களிடம், அடுத்து தெரபிஸ்டிடம், அப்புறம் டீச்சரிடம்.