உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு யாரால் போக முடிகிறது? நீங்களே பார்த்து, சபையிடம் கேட்கும் வழி

வவுனியாவும் கிளிநொச்சியும் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரமாக நீண்டுகொண்டே போகின்றன, கடை வருகிறது, வங்கி வருகிறது, வளவுகள் துண்டு துண்டாக விலைப்படுகின்றன, ஆனால் பின்னேரத்தில் ஒரு அம்மம்மா பேரப்பிள்ளையோடு போய் இருக்க நிழல் எங்கே என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. பூங்கா ஒன்று இருந்தால் மட்டும் போதாது. யார் யார் அங்கே போய்வர முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் நடந்து பாருங்கள். 3-30-300 என்று 2021இல் நகர மரங்கள் பற்றிய ஆய்வாளர் செசில் கொனைனெண்டைக் ஒரு அளவு சொன்னார்: வீட்டிலிருந்து 3 மரம் தெரிய வேண்டும், அயலில் 30 சதவீதம் மர நிழல், 300 மீற்றருக்குள் பசுமை வெளி. கைபேசி வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். ரயில் பாதையைச் சுற்றி, ஏ9ஐக் கடந்து ஒரு பிள்ளை உண்மையில் நடக்கும் தூரத்தை அளவுங்கள்.

அப்புறம் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய், யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இளைஞர்கள் மட்டும்தான் என்றால், பெண்கள் ஏன் வரவில்லை என்று அயல் வீடுகளில் கேளுங்கள். வெளிச்சமில்லை, மலசலகூடம் பூட்டு, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் வரும். வாசலைக் கட்டாயம் அளவுங்கள். மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க நட்ட இரும்புக் குழாய்களுக்கு இடையில் 90 சென்ரிமீற்றர் இல்லையென்றால் சக்கர நாற்காலி இலகுவாகப் போகாது. போரில் காலை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில், வாசலில் ஒரு படியைக் கட்டிவிட்டு அதைப் பொதுப் பூங்கா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதுப் பூங்காவுக்குக் காணி இல்லை என்பார்கள். சரி, குளங்கள் இருக்கின்றனவே! கிளிநொச்சிக் குளம், வைரவபுளியங்குளம் போல ஊருக்குள்ளேயே இருக்கும் குளங்களைச் சுற்றி ஒதுக்கிவைத்த நிலம் எல்லோருக்கும் பொது, அதை மண் போட்டு நிரப்பவிடாமல் காப்பது முதல் வேலை. சிறு குளமென்றால் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள், பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில். காணி பிரித்து விற்கும் இடங்களையும் கவனியுங்கள்: நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடத்தில் 1 ஹெக்டயரைத் தாண்டிய காணியைப் பிரித்தால், வீதி நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே இருந்தது; இப்போதைய விதியைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அந்த 10 சதவீதம் எங்கே, குள எல்லை எதுவரை என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமும் குளத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் அங்குள்ள தகவல் அலுவலர் முடிவைச் சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கையில் அளவுகள் வந்ததும் தனியாகப் போகாதீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்து, அடுத்த வருடப் பாதீடு தயாராகுமுன் உங்கள் உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பெரிதாகக் கேட்காமல் ஒரு சாய்தளம், நாலு விளக்கு, திறந்த மலசலகூடம் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மரம் நடுவதென்றால் கார்த்திகை மழையோடு நடுங்கள். குளக்கட்டின் மேல் வேண்டாம், வேர் கட்டைத் துளைத்துவிடும்; கரையோரத் தாழ்வில் மருது, மேட்டில் வேம்பு. கட்டாக்காலி மாடுகள் கடிக்காதபடி கன்றுகளைச் சுற்றிக் கூடு அடைத்து, சோளகக் காற்றுக் காலத்தில் யார் எந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நடும் அன்றைக்கே பெயர் எழுதி வையுங்கள்.