இத்தாலியில் மலை உச்சிப் பண்ணை வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது

தொஸ்கானா, ஊம்ப்ரியா, மார்கே பக்கம் குன்றின் மேல் ஒரு கல் வீடு தேடுகிறீர்கள் என்றால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டைப் பார்க்க மே மாதத்தில் போகாதீர்கள். மே மாதத்தில் எந்த வீடும் பிடித்துவிடும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, முடிந்தால் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். பாதை என்ன கதியில் இருக்கிறது, சுவரில் ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது, வடக்கிலிருந்து அடிக்கும் த்ரமொந்தானா காற்று எந்த ஜன்னல் இடுக்கில் நுழைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஓதத்தை ஏன் இவ்வளவு பார்க்கச் சொல்கிறேன் என்றால், இந்த வீடுகள் பலவும் குத்தகை விவசாயிகள் இருந்தவை. விளைச்சலை நில உடைமையாளரோடு பங்கிட்டுக்கொள்ளும் மெத்ஸத்ரியா முறை அது. 1964இல் புதிய ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. அந்த நாளில் இந்த வீடுகளில் மேலே குடும்பம், கீழே மாடுகள். அந்தத் தொழுவம்தான் இன்று உங்கள் வரவேற்பறை. தலைமுறை தலைமுறையாகச் சாணமும் மூத்திரமும் ஊறிய கல் என்பதால் சுவரில் உப்புப் பூக்கும், எத்தனை முறை பூசினாலும் பூச்சு உதிரும். கோடையில் இதே தடித்த சுவர்தான் வீட்டைக் குளுமையாக வைத்திருக்கும், அது வேறு விஷயம்.

அடுத்தது தண்ணீர். ஊர்க் குழாய் இணைப்பா, கிணறா, ஊற்றா என்று கேளுங்கள். கிணறு என்றால் ஆகஸ்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், குடிக்கலாம் என்று ஆய்வறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆகஸ்டில் லாரித் தண்ணீர் வாங்குவோம் என்று சொன்னால், அந்த லாரி மேலே ஏறுமா என்று பாருங்கள், ஏனென்றால் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் தார் போடாத வெள்ளைச் சரளைப் பாதைதான். அந்தப் பாதையை யார் செப்பனிடுகிறார்கள், பனி விழுந்தால் யார் தள்ளுகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஓடினால்தான் கிணற்றுத் தண்ணீர், மின்சாரம் போனால் அதுவும் போகும். சாதாரண வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட்தான். மின் ஓவன் அடுப்பு, சலவை இயந்திரம், மோட்டார் மூன்றும் சேர்ந்து ஓடினால் மீட்டர் கட் ஆகிவிடும். மீட்டர் சில வீடுகளில் பாதையின் அடிவாரத்தில் இருக்கும், ராத்திரி டார்ச்சோடு இறங்க வேண்டும். மின் நிறுவனத்திடம் சொல்லி கிலோவாட்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

குளிர்காலத்துக்குக் குழாய் எரிவாயு பொதுவாக வராது. தோட்டத்தில் புதைத்த எல்பிஜி தொட்டி, விறகு, மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு, இவைதான். தொட்டி வீட்டுக்காரருடையதா, எரிவாயு நிறுவனத்துடையதா என்று கேட்க மறக்காதீர்கள். நிறுவனத்துடையது என்றால் பெரும்பாலும் அவர்களிடம்தான் நிரப்ப வேண்டும், விலை பேச முடியாது. விறகை வசந்தத்திலேயே குவிண்டால் கணக்கில் வாங்கி மழை படாத கூரைக்கடியில் உலர விடுங்கள். அக்டோபரில் வாங்கும் ஈர விறகு புகைவதைத் தவிர எதுவும் செய்யாது. புகைபோக்கியை ஆண்டுதோறும் சுத்தம் செய்யுங்கள்.

ஒப்பந்தம்: வழக்கமானது 4+4 ஆண்டு, அதாவது நான்கு ஆண்டும் அதன்மேல் நான்கு ஆண்டு நீட்டிப்பும், இன்னொன்று அதேபோல் 3+2, தற்காலிகம் என்றால் 18 மாதம் வரை. கையெழுத்திட்டு 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும், பதியாத ஒப்பந்தம் செல்லாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நிலத்தையும் எடுத்து நிஜமாகவே விவசாயம் செய்யப் போகிறீர்கள் என்றால் அது 1982ஆம் ஆண்டின் வேறு சட்டம். அடிப்படைக் காலம் 15 ஆண்டு, குறைக்க வேண்டுமானால் கோல்திரெத்தி போன்ற விவசாயி சங்கத்தின் துணையோடுதான் முடியும்.

வீட்டோடு பத்துப் பதினைந்து ஆலிவ் மரம் மட்டும் என்றாலும், காய் யாருக்கு, கவாத்து யார், புல் வெட்டுவது யார் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அறுவடை அக்டோபர், நவம்பரில். பறித்த ஓரிரு நாளில் ஆட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காய் புளித்து எண்ணெய் கெடும். ஃப்ரந்தோயோ என்னும் செக்கில் முன்கூட்டியே நாள் வாங்குங்கள். தனியாக ஆட்டித் தர அவர்கள் ஒரு குறைந்தபட்ச எடை கேட்பார்கள், அது இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்துகொள்ளுங்கள், அறிமுகம் ஆக இதைவிட நல்ல வழி கிடையாது.

வேட்டைக்காலம் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை. வேலி இல்லாத தனியார் நிலத்துக்குள்ளும் வேட்டைக்காரர்கள் சட்டப்படி நுழையலாம், ஆனால் வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள் வேட்டையாடக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் வேட்டை இல்லை, காட்டுப் பக்கம் நடக்க அந்த நாட்கள் நல்லது. மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், நாய்க்கும் அப்படி ஒரு துணி கட்டிவிடுங்கள்.

காகிதங்களில் முதலில் கோதிச்சே ஃபிஸ்காலே என்னும் 16 எழுத்து வரி எண், அது இல்லாமல் ஒப்பந்தமே கிடையாது. நீண்டகால விசாவில் வருபவர்கள் இறங்கிய 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் கொமூனே என்னும் நகராட்சியில் வதிவிடப் பதிவு. இந்திய ஓட்டுநர் உரிமம் அந்தப் பதிவிலிருந்து ஓராண்டுதான் செல்லும், அதன்பின் தேர்வு எழுதி இத்தாலிய உரிமம் எடுக்க வேண்டும். கார் இல்லாமல் குன்றின் மேல் இருக்கவே முடியாது என்பதால், இத்தாலிய மொழியில் நடக்கும் அந்த உரிமத் தேர்வுக்கு வந்த வாரத்திலிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.