பழைய 'பரபாஸ்' படத்தை வீட்டில் பார்க்கிறீர்களா?

இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாஸின் கதை 1961-இல் படமாக வந்தது. அந்தக் காலத்துப் பெரிய பைபிள் படங்களுக்கு நடுவே அதற்குரிய பெயர் கிடைக்கவில்லை. ஆண்டனி குயின் நடிப்புக்காகவே மறுபடி பார்க்கலாம். டிஸ்க் வாங்கும்போது உறையில் அகலத்திரை, 2.35:1 (அதாவது உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டிவிக்காகப் பக்கங்களை வெட்டிய பழைய பதிப்பு என்றால், அரங்கச் சண்டையில் கிட்டத்தட்ட பாதித் திரை போய்விடும். அப்புறம், டிவியில் 'சினிமா' மோடை வைத்து, மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவுகளை டிவி செயற்கையாக வழுவழுப்பாக்கும் வசதி) நிறுத்திவிடுங்கள். அறை விளக்கையும்தான். சிலுவைக் காட்சியில் வருவது நிஜமான முழுச் சூரிய கிரகணம். 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் எடுத்தது! அங்கே இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸைக் கூட்டாதீர்கள்.