சந்திப்பிழை இல்லாமல் எழுதுவது எப்படி? புதிதாக எழுதுவோருக்கு

தமிழில் எழுத வரும் பலரும் இலக்கணம் என்றதும் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். சந்திப்பிழை என்பது, இரு சொற்கள் சேரும் இடத்தில் வர வேண்டிய க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடுவதும் வேண்டாத இடத்தில் அதைப் போடுவதும்தான். பிழை திருத்திப் பழகியதில் நான் கண்டது, ஒருவர் எழுத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். இந்த வரிகளை வைத்துப் பழகுவோம்:

"நேற்று அந்த கடைக்கு போனேன். ஒரு அரிசி மூட்டையை தூக்கி கொண்டு வந்தேன். சுவற்றில் இரண்டு பல்லிகள் ஓடியது."

அர்த்தம் புரிகிறது. ஆனால் ஏழு இடங்களில் கை வைக்க வேண்டும்.

படி 1: முதலில் எழுதி முடியுங்கள்

எழுதும்போதே ஒற்றெழுத்தைப் பற்றி யோசித்தால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். திருத்தத்துக்குத் தனியாக உட்காருங்கள்.

படி 2: ஐ, கு இரண்டையும் தேடுங்கள்

ஒரு சொல் ஐ, கு என்ற வேற்றுமை உருபில் முடிந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் நடுவே ஒற்று வரும். மூட்டையைத் தூக்கினேன், கடைக்குப் போனேன். உருபு மறைந்திருந்தால் வராது: மூட்டை தூக்கினேன். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் மிகும்: அந்தக் கடை, அப்படிச் சொன்னார்.

இது வெறும் அலங்காரம் இல்லை. 'வேலை கொடு' என்றால் பிழைப்புக்கு ஒரு வேலை கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கிறதே, அந்த வேல், அதைக் கேட்கிறோம். ஒரே ஒரு 'க்' பொருளையே மாற்றிவிடுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த விதி, இந்த உதாரணத்தைப் பார்த்த அன்றுதான் எனக்கு உண்மையில் விளங்கியது.

படி 3: 'படித்து', 'வந்து' வேறுபாட்டைப் பாருங்கள்

இங்கேதான் அதிகம் தடுமாறுவோம். படித்துப் பார்த்தேன், ஆனால் வந்து பார்த்தேன். ஏன்? கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கும் மெய்யைப் பாருங்கள். அது வல்லினமாக இருந்தால் மிகும்: எடுத்துக் கொடுத்தார், கேட்டுச் சொன்னாள், விற்றுத் தீர்த்தார். மெல்லினமாக இருந்தால் மிகாது: நடந்து போனான், கண்டு பேசினேன், தின்று தீர்த்தான். 'செய்து' போன்றவற்றிலும் மிகாது. 'ஓடி', 'தூக்கி' என்று இகரத்தில் முடிந்தால் மிகும். அதனால்தான் 'தூக்கிக்கொண்டு'. இதில் 'கொண்டு' துணைவினை என்பதால் சேர்த்தே எழுதலாம்.

கொஞ்சம் பழகியதும் எல்லா இடத்திலும் ஒற்று சேர்க்கும் ஆசை வரும். 'படித்தப் புத்தகம்', 'வந்தப் பெண்' என்றெல்லாம் எழுதிவிடுவோம். 'படித்த', 'வந்த' இரண்டும் பெயர்ச்சொல்லைக் கொண்டு முடியும் பெயரெச்சங்கள், இங்கே மிகாது. படித்த புத்தகம், வந்த பெண் என்பதே சரி. விட்டுப்போன ஒற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வேண்டாத ஒற்று என் கண்ணை ரொம்பவே உறுத்தும்.

படி 4: யார், எத்தனை பேர்?

பேச்சில் ஒரு பல்லிக்கும் 'ஓடுச்சு', பத்துப் பல்லிக்கும் 'ஓடுச்சு'. எழுத்தில் பல்லி ஓடியது, பல்லிகள் ஓடின. வாக்கியம் நீளும்போது எழுவாய் மறந்துபோகும். வினைமுற்றிலிருந்து பின்னோக்கிப் போய் எழுவாயைத் தொட்டுப் பாருங்கள். 'ஒவ்வொரு மாணவரும் வந்தனர்' என்பதிலும் சிக்கல் உண்டு. 'ஒவ்வொரு' ஒருமை, ஆகவே 'வந்தார்'.

படி 5: சொல்லின் வேரைப் பாருங்கள்

கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். 'று' என்று முடிவதால் 'ற்று' வருகிறது. சுவர் 'ர்' என்று முடிகிறது, எனவே சுவரில். அதுபோல 'பதறு' என்பதிலிருந்து வருவது பதற்றம், பதட்டம் அல்ல. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஓர்' போடுங்கள்.

படி 6: ஓர் இரவு கழித்து வாய்விட்டுப் படியுங்கள்

பல இடங்களில் ஒற்று நாக்கில் தானாக விழும், காதே காட்டிக்கொடுக்கும். அப்புறம் இணையத்தில் உள்ள பிழைதிருத்திக் கருவிகளான 'நாவி'யில் சந்திப்பிழையையும் 'வாணி'யில் எழுத்துப்பிழையையும் சோதித்துப் பாருங்கள். அவை காட்டுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கேட்டது எந்த 'வேலை' என்பது எழுதிய உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, நம் வரிகள் இப்போது இப்படி இருக்கும்:

"நேற்று அந்தக் கடைக்குப் போனேன். ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சுவரில் இரண்டு பல்லிகள் ஓடின."