ஆர்எக்ஸ் 100 கிளம்ப மறுத்தால்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை என்றால் பலரும் முதலில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் மீதுதான் பாய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ஜின் ஆறியதும், முதலில் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள்.

முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம். பிசுபிசுப்பாகக் கருத்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது. சரிசெய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, பொறி தாவும் முனைகளின் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிறகு பிளக்கை ஒயர் முனையிலுள்ள தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை சிலிண்டர் ஹெட்டில் தொடவைத்து உதையுங்கள். பிளக் துளைக்கு அருகில் வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலப் பொறி பளிச்சென்று வரவேண்டும். மஞ்சளாக மங்கினால் புதிய பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தொப்பியையும் ஒயரையும் சந்தேகிக்கலாம்.

பொறி சரி என்றால்தான் கார்புரேட்டர். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் பைலட் ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் சிறு துளை) அடைத்திருக்கும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். ஊசி, கம்பி எதையும் நுழைக்காதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிடும். காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும்முன் எத்தனை சுற்று திறந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பிச் சற்று தூரம் ஓடி நிற்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள், அது அடைத்திருந்தால் பெட்ரோல் சரியாக இறங்காது.