நாடுகளின் பெருந்தொற்றுக் கொள்கைகளை ஒப்பிடுவது எப்படி: உயிர்க் கணக்கும் பொருளாதாரக் கணக்கும்

ஸ்வீடன் கடுமையான ஊரடங்கு போடவில்லை, பெரு போட்டது, எது சரி? இரண்டு நாடுகளின் கொரோனா மரண எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு விடை கிடைத்துவிடும். அந்த விடையை நம்ப முடியாது. இரு நாடுகளும் மரணத்தை ஒரே மாதிரி எண்ணவில்லை. அதோடு, நோய் தானாகவே செய்த சேதமும் அரசு போட்ட விதி செய்த சேதமும் அந்த எண்களில் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் இங்கே உண்மையான வேலை.

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள். "எந்த நாடு நன்றாகச் சமாளித்தது?" என்பதைக் கணக்கிட வழியில்லை. "2020 மார்ச் முதல் டிசம்பர் வரை, நார்வே, டென்மார்க், பின்லாந்தோடு ஒப்பிட்டால் ஸ்வீடனில் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள், உற்பத்தி எவ்வளவு குறைந்தது?" என்பதைக் கணக்கிடலாம். நாடுகள், தொடக்க நாள், முடிவு நாள், அளவுகோல் நான்கையும் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு நாடுகளைத் தேர்ந்தெடுத்தால், நாம் விரும்பிய விடைதான் வரும்.

ஜோடி சேர்க்கும்போது வயதை முதலில் பாருங்கள். இந்த நோயில் இறக்கும் வாய்ப்பு வயதோடு செங்குத்தாக ஏறுகிறது. ஜப்பானின் நடு வயது (மக்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) சுமார் 48, நைஜீரியாவின் நடு வயது சுமார் 18. கொள்கை எதுவாக இருந்தாலும் இரண்டின் மரண விகிதமும் ஒன்றாக வராது. அடுத்து வருமானம், அன்றாடக் கூலியை நம்பியிருப்போரின் பங்கு, ஒரு வீட்டில் எத்தனை பேர், தீவா நிலவெல்லை உள்ள நாடா என்பவற்றைப் பாருங்கள்.

மரணக் கணக்கு

அரசு அறிவித்த கொரோனா மரணங்களை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யாத, சந்தேகத்துக்குரிய மரணங்களையும் சேர்த்து எண்ணியது. பிரிட்டன் 2020 ஆகஸ்டில், பரிசோதனையில் உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று விதியை மாற்றியதும் மொத்தத்தில் 5,000-க்கு மேல் குறைந்தது. பெரு 2021 மே 31 அன்று 69,342 என்றிருந்த எண்ணை 1,80,764 ஆகத் திருத்தியது. அந்த நாளுக்கு முன் பெருவை வைத்து எழுதப்பட்ட ஒப்பீடுகள் அத்தனையும் பாதிக்கும் குறைவான எண்ணின் மேல் நின்றவை.

எனவே எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களின் மொத்தத்தை எடுத்து, பெருந்தொற்று இல்லாதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு எண்ணைக் கழியுங்கள். இதுதான் மிகை மரணம். கிடைத்ததை எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால், சிறிய நாட்டையும் பெரிய நாட்டையும் அருகருகே வைக்கலாம். வாரவாரித் தரவு ஹியூமன் மார்டாலிட்டி டேட்டாபேஸில் இருக்கிறது. அரியல் கார்லின்ஸ்கியும் டிமிட்ரி கோபாக்கும் தொகுத்த வேர்ல்ட் மார்டாலிட்டி டேட்டாசெட்டில் இன்னும் அதிக நாடுகள் உண்டு.

சறுக்கும் இடம் எதிர்பார்ப்பு எண். ஒரு கற்பனை நாட்டில் 2015 முதல் 2019 வரை முறையே 50,000, 51,000, 52,000, 53,000, 54,000 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2020-இல் 57,000 பேர். ஐந்தாண்டுச் சராசரி 52,000; அதைக் கழித்தால் மிகை 5,000, அதாவது 9.6 சதவீதம். ஆனால் மக்கள்தொகை மூப்படைவதால் ஆண்டுக்கு ஆயிரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் போக்கை நீட்டினால் 2020-க்கான எதிர்பார்ப்பு 55,000. மிகை 2,000 ஆகச் சுருங்கி 3.6 சதவீதத்தில் நிற்கிறது. இறந்தவர்கள் அதே 57,000 பேர்தான். உலக சுகாதார அமைப்பே இதில் தடுக்கியது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கு ஜெர்மனியின் மிகை மரணம் 1,95,000 என்று முதலில் வெளியிட்டு, எதிர்பார்ப்புக் கோட்டை வரைந்த முறையைத் திருத்தியபின் 1,22,000 என்று மாற்றியது. கடைசி ஓரிரு ஆண்டுகளில் மரணம் சற்றுக் குறைந்திருந்தால், வளைந்து கொடுக்கும் கோடு அந்தச் சரிவை அப்படியே கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். நேர்கோட்டுப் போக்கை முதன்மையாக வையுங்கள். சராசரி முறையையும் போட்டுப் பார்த்து இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள்.

சின்னதாகத் தோன்றும் இன்னும் இரண்டு பிழைகள். 2020-இல் 53 வாரங்கள்; 52 வார ஆண்டுகளின் மொத்தத்தோடு அப்படியே ஒப்பிட்டால் ஒரு வார மரணம் முழுவதும் பொய்யான மிகையாகச் சேரும். இங்கிலாந்தின் வாரத் தரவு மரணம் பதிவான நாளை வைத்து வருகிறது; விடுமுறை வாரத்தில் பள்ளமும் அடுத்த வாரத்தில் மேடும் தெரியும். அதை நோயலை என்று எண்ணிவிடக் கூடாது.

மரணப் பதிவு முழுமையாக இல்லாத நாடுகளுக்கு வருவது நேரடி எண்ணிக்கை அல்ல, கணித மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீடு. இந்தியாவுக்கு 2020-21-இல் 47 லட்சம் என்றது உலக சுகாதார அமைப்பு. அரசு எண் ஏறத்தாழ 4.8 லட்சம்; கணக்கிட்ட முறையையே இந்திய அரசு மறுத்தது. இத்தகைய நாட்டுக்கு ஒற்றை எண் எழுதாமல் வீச்சாக எழுதுங்கள்.

கொள்கையை எண்ணாக்குதல்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கொள்கைத் தரவில் 0 முதல் 100 வரை கடுமைக் குறியீடு கிடைக்கும். பள்ளி, பணியிடம், கூட்டம், போக்குவரத்து, பயணம் முதலிய ஒன்பது அம்சங்களின் சராசரி அது. அதில் எழுதியிருப்பது விதி மட்டுமே. மக்கள் கடைப்பிடித்தார்களா என்பது அதில் இல்லை. நாட்டின் ஒரு பகுதியில் மட்டும் கடுமையான விதி இருந்தாலும் அதைப் பெரும்பாலும் நாட்டின் மதிப்பாகவே எடுத்துக்கொண்டு, பகுதி விதி என்பதற்காகச் சிறிது மட்டும் குறைக்கிறார்கள். பெரிய நாடுகள் இருந்ததைவிடக் கடுமையாகத் தெரிவது இதனால்தான்.

கடுமையைவிட நேரம் முக்கியம். தொற்று மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும்போது ஒரு வாரத் தாமதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு தொற்றாகிறது. நியூசிலாந்து 2020 மார்ச் 25 இரவு முழு முடக்கத்துக்குப் போனபோது அங்கே ஒரு கொரோனா மரணம்கூடப் பதிவாகவில்லை. பிரிட்டன் மார்ச் 23 அன்று அறிவித்தபோது 300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நாட்காட்டியில் இரண்டு நாள் இடைவெளிதான். நோயின் பாதையில் இரண்டும் வெகு தொலைவு. ஆகவே பத்து லட்சம் பேருக்கு இத்தனை மரணம் என்று ஒரு புள்ளியைக் குறித்து, விதி அதற்கு எத்தனை நாள் முன்போ பின்போ வந்தது என்று உங்கள் அட்டவணையில் ஒரு நிரல் சேருங்கள். இது இல்லாமல் வரைந்தால், கடுமையான நாடுகளில்தான் அதிக மரணம் என்ற படம் வரும். நோய் முற்றிய இடத்தில்தான் விதியும் இறுகும். காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.

பொருளாதாரக் கணக்கு

விலைவாசி, பருவ மாற்றம் இரண்டும் நீக்கிய காலாண்டு ஜிடிபியை (மொத்த உள்நாட்டு உற்பத்தியை) எடுத்து, 2019 கடைசிக் காலாண்டை 100 என்று வையுங்கள். வளர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்: 20 சதவீதம் விழுந்து 20 சதவீதம் எழுந்தால் 96-இல்தான் நிற்கிறோம். 2020 இரண்டாம் காலாண்டில் அமெரிக்கா "31 சதவீதம்" விழுந்ததாகச் சொன்னது ஆண்டுக்குப் பெருக்கிய கணக்கு. ஒரு காலாண்டின் உண்மையான வீழ்ச்சி சுமார் 9 சதவீதம். ஐரோப்பிய எண்களோடு வைக்க வேண்டியது இந்த 9-ஐத்தான்.

அயர்லாந்தின் ஜிடிபி 2020-இல் வளர்ந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் ஏற்றுமதி செய்த வேலை அது. உள்நாட்டுத் தேவை சுருங்கத்தான் செய்தது. அந்த நாட்டுக்கு அவர்கள் வெளியிடும் திருத்திய உள்நாட்டுத் தேவையை எடுங்கள். பிரிட்டன், நடந்த பாடங்களையும் செய்த அறுவைச் சிகிச்சைகளையும் எண்ணி அரசுச் சேவையை அளந்ததால், செலவை வைத்து அளந்த நாடுகளைவிட அதன் வீழ்ச்சி பெரிதாகத் தெரிந்தது.

வேலையின்மை விகிதத்தை ஒப்பிடாதீர்கள். ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேர் குறுகிய நேர வேலைத் திட்டத்தில் இருந்தார்கள். வேலை செய்யாத நேரத்துக்கும் ஊதியத்தில் ஒரு பகுதி வந்ததால் அவர்கள் வேலையற்றோர் பட்டியலில் ஏறவில்லை. அமெரிக்காவில் அதே நிலையில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். விகிதம் 2020 ஏப்ரலில் 14 சதவீதத்தைத் தாண்டியது. உழைத்த மொத்த மணிநேரத்தை எடுத்தால் இந்தக் கோணல் நேராகும். அரசு உதவியிலும் நேரடிச் செலவைக் கடன் உத்தரவாதத்திலிருந்து பிரித்து எழுதுங்கள். உத்தரவாதத்தில் பெரும்பகுதி கடைசிவரை செலவாகாமலே போகலாம்.

விதியின் விளைவைப் பிரித்தெடுத்தல்

டென்மார்க்கும் ஸ்வீடனும் இதற்கு நல்ல பாடம். அண்டை நாடுகள், ஒன்று மூடியது, மற்றது பெரும்பாலும் திறந்திருந்தது. ஒரே வங்கியின் வாடிக்கையாளர் செலவை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். டென்மார்க்கில் செலவு 29 சதவீதம் குறைந்திருந்தது, ஸ்வீடனில் 25. அப்படியானால் ஊரடங்கின் பங்கு என்று சொல்லக்கூடியது 4 சதவீதப் புள்ளிதான். மீதி, யாரும் மூடச் சொல்லாமலே மக்கள் வீட்டில் இருந்ததால் வந்தது. அமெரிக்காவில் கூல்ஸ்பீ, சைவர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் ஒரே வட்டாரத்துக்குள் விதி மாறும் எல்லையின் இருபுறமும் கடைகளுக்கு வந்துபோனவர்களை ஒப்பிட்டார்கள். மொத்த வீழ்ச்சி 60 சதவீதப் புள்ளி. சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7.

நீங்களும் இதே வழியில் போகலாம்: விதி மாறும் எல்லையைத் தேடுங்கள், இருபுறமும் விதிக்கு முந்தைய போக்கு ஒன்றாக இருந்ததா என்று பாருங்கள், பிறகு வித்தியாசத்தின் வித்தியாசத்தை எடுங்கள், அதாவது ஒவ்வொரு புறமும் விதிக்கு முன்னும் பின்னும் வந்த மாற்றத்தைக் கண்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். ஊரடங்குக்கு முன்பே இரு கோடுகளும் விலகிப் போயிருந்தால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இந்த 4-உம் 7-உம் முதல் அலையின் குறுகிய காலத்துக்கானவை. மாதக்கணக்கில் நீண்ட முடக்கத்துக்கோ, 2020 மார்ச் முதல் 2022 ஜனவரி வரை பள்ளிகள் பெரும்பாலும் மூடிக் கிடந்த உகாண்டாவின் குழந்தைகளுக்கோ இவற்றைப் பொருத்தக் கூடாது. அந்த இழப்பு அந்த ஆண்டுகளின் ஜிடிபியில் ஏறுவதில்லை. தனி நிரலாகவே வையுங்கள்.

உயிரையும் பணத்தையும் ஒரே எண்ணாக்காமல் ஒரு வரைபடத்தில் கிடை அச்சில் மிகை மரண சதவீதம், செங்குத்து அச்சில் ஜிடிபி இழப்பு என்று வையுங்கள். ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்கவேண்டும் என்பது விதியாக இருந்தால் புள்ளிகள் சரிவாக இறங்கவேண்டும். 2020-இல் அப்படி இறங்கவில்லை. பெருவும் ஸ்பெயினும் இரண்டையும் இழந்தன, ஜிடிபி சுமார் 11 சதவீதம் வீழ்ந்தது. தைவான் நாடு தழுவிய முடக்கம் இல்லாமலே இரண்டையும் காத்தது. தீவு என்பதையும் அருகிலேயே குறித்து வையுங்கள்.

கடைசியாக முடிவு நாளை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்: 2020 டிசம்பர், 2021 டிசம்பர், 2022 டிசம்பர். 2021 முடிவில் ஹாங்காங் முன்மாதிரியாகத் தெரியும். 2022 தொடக்கத்தில், தடுப்பூசி போடாத முதியோர் ஏராளமாக இருந்த நிலையில், அங்கே மரண அலை எழுந்தது. 2020 முடிவில் நார்வேயைவிட மிக மோசமாகத் தெரிந்த ஸ்வீடன், மூன்றாண்டு மொத்தத்தில் ஐரோப்பாவின் குறைந்த மிகை மரண நாடுகளின் வரிசைக்கு வருகிறது. எதிர்பார்ப்பு எண்ணுக்கு இரண்டு முறை, முடிவு நாளுக்கு மூன்று: ஒவ்வொரு நாட்டுக்கும் ஆறு கட்டங்கள். ஆறிலும் வரிசை மாறாத நாடுகளைப் பற்றி மட்டும் உறுதியாக எழுதுங்கள். மாறியவற்றுக்கு, எந்தக் கட்டத்தில் எதனால் மாறியது என்பதையே முடிவாக எழுதுங்கள்.