அலர்ஜி மாத்திரை செய்யாத வேலை

மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் தும்மல் திரும்பிவிட்டால், மருந்து சரியில்லை என்று டாக்டரை மாற்றுகிறவர்கள் ஏராளம். பாவம், டாக்டர் என்ன செய்வார்? செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் ஒவ்வாமையின் வேரைத் தொடுவதே இல்லை.

மகரந்தத்தையோ தூசிப்பூச்சியின் கழிவையோ உடல் எதிரி என்று முடிவுகட்டிவிட்டால், அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குகிறது. அது மூக்கிலும் தோலிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும். அதே பொருள் மறுபடி வந்ததும் அந்தச் செல்கள் தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை மாத்திரை மறிக்கிறது, அவ்வளவுதான். கூடவே வெளிப்படும் லுகோட்ரையீன் போன்ற மற்ற வேதிப்பொருள்களை அது கண்டுகொள்வதில்லை. தும்மல் நின்றும் மூக்கடைப்பு விடாததற்கு இதுவும் ஒரு காரணம். எதிரியை நினைவில் வைத்திருக்கும் செல்களோ ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன.

அந்த மூக்கடைப்பில்தான் அடுத்த தவறு. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்தச் சுகத்துக்காகத் தொடர்ந்து விட்டுக்கொண்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் வேண்டாம். ஸ்டீராய்டு ஸ்பிரே இதற்கு நேர்மாறு: முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அடிக்கும்போது முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைத்தால் ரத்தம் கசியும். அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி பரிசோதனையில் தடிப்பை உண்டாக்கிய எல்லா உணவுகளையும் சாப்பாட்டிலிருந்து நீக்குவதும் தவறு. தடிப்பு அந்தப் பொருளை எதிர்க்க உடல் தயாராக இருப்பதைக் காட்டுகிறதே தவிர, சாப்பிட்டால் தொல்லை வரும் என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது. ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தின் அளவை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகள் வெறும் பணவிரயம்.

உடலின் பிடிவாதத்தையே மாற்ற முயலும் சிகிச்சையும் இருக்கிறது. ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் இந்த முறையை பிரிட்டிஷ் மருத்துவர் லெனார்ட் நூன் 1911-இல் வெளியிட்டார். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். கொஞ்சம் குணம் தெரிந்ததும் பாதியில் நிறுத்துகிறவர்களுக்குப் பலன் நிலைப்பதில்லை. எல்லோருக்கும் முழுக் குணம் என்ற உத்தரவாதமும் கிடையாது.

இவையெல்லாம் தொல்லைகள், ஒரு தவறு மட்டும் உயிரைப் பறிக்கும். மூச்சுத்திணறல், தொண்டை வீக்கம், மயக்கம் வந்த பிறகும் அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது. அப்போது தேவை அட்ரினலின் ஊசி, உடனே. அறிகுறிகள் அடங்கிச் சில மணி நேரம் கழித்தும் அவை திரும்பக்கூடும் என்பதால், ஊசி போட்ட பின்னும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.